காஸ்டீல்: 1472-லேயே ஆறு கடன், கூட்டாளி போருக்கு வர மாட்டேங்குது. எங்கே இடிக்குது?

தொடக்கக்காரன்

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4-ங்கிற கணினி வியூக விளையாட்டுக்கு நான் புதுசு. காஸ்டீல் (பழைய ஸ்பெயின் ராஜ்யம்) எடுத்து ஆடறேன், இப்போ 1472. கிரானடாவை முழுசா சேர்த்தாச்சு, மொராக்கோகிட்ட இருந்து ரெண்டு மாகாணம் வாங்கியாச்சு. வரைபடத்துல நல்லாத்தான் தெரியுது, கஜானாவுலதான் ஒண்ணும் இல்ல.

மாதக் கணக்கு இது. வரவு: வரி 8.6, உற்பத்தி 4.4, வணிகம் 4.9, மொத்தம் 17.9 டுகாட் (ஆட்டத்துக் காசு). செலவு: ஆலோசகர்கள் 9.0, தரைப்படை 5.2, கப்பல்படை 2.4, கோட்டை 3.0, வட்டி 1.8, மத்தது 0.4, மொத்தம் 21.8.

1. வருமானம் ஏறட்டும்னு கடன் வாங்கி அஞ்சு மாகாணத்துல டெம்பிள் (வரி கூட்டற கட்டடம்) கட்டினேன். வரி ஏறினதே தெரியல. ஏன்?
2. ரெண்டு வணிகர்ல ஒருத்தர் செவில்லாவுலயும் ஒருத்தர் வலென்சியாவுலயும் வசூல் பண்றாங்க. இது சரியா?
3. அராகன் கூட்டணியில இருக்கு, உறவு +120 காட்டுது. ஆனா துனிஸ் மேல போருக்குக் கூப்பிட்டா சிவப்பு எக்ஸ்தான் வருது.
4. துனிஸ், திலெம்சென் ரெண்டும் எனக்கு எதிரா கோயலிஷன் (எதிர்க் கூட்டணி) சேர்ந்திருக்கு. நான் அவங்களைத் தொடவே இல்லையே!

---

கணக்குப்பிள்ளை

முதல் கேள்விக்கு மட்டும் வர்றேன். மத்ததுக்கு வேற ஆள் வருவாங்க.

டெம்பிள் ஒண்ணுக்கு 100 டுகாட். அது அந்த மாகாணத்து வரியை 40% கூட்டும். அடிப்படை வரி 1 இருந்தா வருஷத்துக்கு 1 டுகாட், அதாவது மாசத்துக்கு பன்னிரண்டுல ஒரு பங்கு. அடிப்படை வரி 5 இருக்கிற மாகாணத்துல டெம்பிள் கட்டினா கூடுதலா வர்றது வருஷத்துக்கு 2 டுகாட். போட்ட காசு திரும்ப 50 வருஷம் ஆகும். ஆட்டம் 1821 வரை போறதால அது நஷ்டம் இல்ல, ஆனா அவசரமும் இல்ல. நீங்க கட்டினது கடன் காசுல. சாதாரணக் கடனுக்கு வட்டி 4%, அப்போ 100 டுகாட்டுக்கு வருஷ வட்டி 4. டெம்பிள் தர்றது 2. கட்டின நாள்ல இருந்து வருஷத்துக்கு 2 டுகாட் கையை விட்டுப் போகுது. அடிப்படை வரி 10 இருந்தாத்தான் வட்டியாவது ஈடாகும். வரி விகிதக் கூடுதல், தன்னாட்சிக் கழிவு ரெண்டையும் இதுல சேர்க்கல. சேர்த்தா எண் கொஞ்சம் அசையும், கதை மாறாது.

வொர்க்‌ஷாப்புக்கும் இதே கணக்கைப் போடுங்க. உற்பத்தி டெவ் (மாகாண வளர்ச்சி அளவு) 1-க்கு 0.2 சரக்கு. உற்பத்தி 4 இருக்கிற தானிய மாகாணத்துல 0.8 சரக்கு, தானியம் விலை 2.5, ஆக வருஷத்துக்கு 2 டுகாட். வொர்க்‌ஷாப் அதுல பாதி கூட்டும், வருஷத்துக்கு 1 டுகாட், அதாவது நூறு வருஷக் கணக்கு. அதே 100 டுகாட்டை உற்பத்தி 8 உள்ள துணி மாகாணத்துல போட்டா: 1.6 சரக்கு, விலை 3, ஆண்டு மதிப்பு 4.8, பாதி 2.4. கட்டறதுக்கு முன்னாடி மேக்ரோ பில்டர்ங்கிற திரையில அந்தக் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தா ஒவ்வொரு மாகாணத்துக்கும் எவ்வளவு கூடும்னு பட்டியல் வரும். அதுல மேல இருக்கிற மூணு நாலை மட்டும் கட்டுங்க, கீழ இருக்கறதை மறந்துடுங்க.

இப்போ ஓட்டை எங்கேன்னா, உங்க வரவு மோசமில்ல. செலவுல முதல் வரியைப் பாருங்க, ஆலோசகர்கள் 9.0. சம்பளம் நிலையின் வர்க்கமா ஏறும்: முதல் நிலைக்கு மாசம் 1, ரெண்டாம் நிலைக்கு 4, மூணாம் நிலைக்கு 9. நீங்க வச்சிருக்கிறது 4 + 4 + 1. மூணு பேரையும் முதல் நிலையாக்கினா செலவு 3. மாசம் 6 டுகாட் மிச்சம், 3.9 பற்றாக்குறை அப்பவே 2.1 உபரி ஆயிடும். அதுக்கு நீங்க இழக்கிறது மாசம் ரெண்டு ஆட்சிப் புள்ளி (அட்மின்னா நிர்வாகம், டிப்ளோன்னா ராஜதந்திரம், அப்புறம் ராணுவம்னு மூணு வகை). கடன்ல இருக்கிற நாட்டுக்கு அது கட்டுப்படியாகும். புது ஆளை அமர்த்தவும் முன்பணம் வேணும், அதனால ரெண்டு பேரையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க.

அடுத்து கோட்டை. நாட்டுக்கு நடுவுல இருக்கிற கோட்டைகளை மாத்ப்பால் பண்ணா (ஆள் குறைச்சு ஓய்வுல வச்சா) பராமரிப்பு பாதியாகும். பிரான்ஸ் எல்லையில இருக்கறதை மட்டும் தொடாதீங்க. திரும்ப இயக்கும்போது காவல் படை மாசா மாசம்தான் சேரும், போர் அறிவிப்பு வந்தப்புறம் இயக்கினா எதிரி வர்றதுக்குள்ள நிறையாது. தரைப்படைப் பராமரிப்பு ஸ்லைடரையும் சமாதான காலத்துல இறக்கலாம். அப்போ மொராலும் (படையோட மனவலிமை) இறங்கும், சின்னக் கலகப்படைகூட உங்க பெரிய படையை விரட்டிடும். போருக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ஏத்திடணும்.

இன்னொண்ணும் பாருங்க. கிரானடாவை ஸ்டேட் (முழு ஆட்சியில இருக்கிற பகுதி) ஆக்கினீங்களா? டெரிட்டரியா (அரைகுறை ஆட்சிப் பகுதியா) விட்டா தன்னாட்சி 90%-க்குக் கீழ இறங்காது, வரியில பெரும்பகுதி உங்க கைக்கு வராது. ஸ்டேட் ஆக்கி முழு கோர் (நிலத்தை உங்க சொந்தமா உறுதிப்படுத்தறது) போட்டப்புறம்தான் அது மெல்ல இறங்கும்.

---

சரக்குக்கப்பல்

ரெண்டாவது கேள்வி. வலென்சியாவுல வசூல் பண்ற வணிகரை எடுத்துடுங்க.

உங்க தாய் நோடு (நோடுன்னா வணிகம் கூடற மையம்) செவில்லா. அங்கே வசூல் தானா நடக்கும், வணிகரே வேண்டாம். வணிகர் உட்கார்ந்தா வணிகத் திறன் 10% கூடும், அவ்வளவுதான். தாய் நோடுக்கு வெளியே வசூல் பண்ணா அந்த நோடுல உங்க வணிக பலம் பாதியா வெட்டப்படும். அராகன் ஏற்கெனவே வலுவா உட்கார்ந்திருக்கிற வலென்சியாவுல பாதி பலத்தோட போய் என்ன எடுக்க முடியும்?

வணிகரோட அசல் வேலை மேல்நிலை நோடுல உட்கார்ந்து சரக்கை உங்க பக்கம் திருப்பி விடறது. சஃபியில இருந்து செவில்லாவுக்கு ஓட்டம் இருக்கு, மொராக்கோ மாகாணம் ரெண்டும் சஃபி நோடுல இருந்தா அங்கே கொஞ்சம் பலமும் இருக்கும். அங்கே அனுப்பி 'வணிகத்தை மாற்று' கொடுங்க. கணக்கு மாசம் பிறக்கும்போதுதான் புதுப்பிக்கும், அதனால வணிகர் போய்ச் சேர்ந்தப்புறம் ரெண்டு முதல் தேதி தாண்டவிட்டு வணிக வரியைப் பழைய 4.9-ஓட ஒப்பிடுங்க. கூடலேன்னா வேற நோடு பாருங்க. எந்த நோடு நல்லதுங்கிறது உங்க ஆட்டத்துல யார் எவ்வளவு பலம் வச்சிருக்காங்கங்கிறதைப் பொறுத்தது, பொதுவா ஒரு பதில் கிடையாது.

இலகு கப்பல்களைத் துறைமுகத்துல நிறுத்தி வச்சிருந்தா அது வெறும் செலவு. 'வணிகத்தைக் காக்க' பணியில முதல்ல செவில்லாவுக்கே விடுங்க. சரக்கு மத்தியதரைக் கடல் பக்கம் ஒழுகறதை அது குறைக்கும். கனரகக் கப்பலும் போக்குவரத்துக் கப்பலும் காசு தராது. ஆப்பிரிக்கக் கரைக்கு ஒரு படையை ஏத்திப் போற அளவுக்குப் போக்குவரத்துக் கப்பல் இருந்தா போதும், மிச்சத்தைக் கலைங்க.

காஸ்டீலோட உண்மையான பணம் கரீபியன்லதான். கரீபியன் நோடு நேரா செவில்லாவுக்கு வடியும். முதல் ஐடியா குழுவா எக்ஸ்ப்ளோரேஷன் (கடல் தாண்டித் தேடிக் குடியேற உதவறது) எடுங்க. ஒரு குடியேற்றப் பகுதியில அஞ்சு மாகாணம் முழுமையானா காலனி நாடு தானா உருவாகும், அது பத்து மாகாணம் தாண்டினா உங்களுக்கு ஒரு வணிகர் கூடுதலா வருவார். அவரை அங்கேயே சரக்கைத் திருப்ப வைங்க.

தங்கம் கிடைச்சா ஒரு எச்சரிக்கை. தங்கச் சுரங்கத்துல உற்பத்தி டெவ் 1-க்கு வருஷம் 8 டுகாட், வேற எந்தச் சரக்கும் கிட்ட நிக்காது. ஆனா உற்பத்தியை 10-க்கு மேல ஏத்தாதீங்க, அதுக்கு மேல போனா சுரங்கம் வற்றிப்போற வாய்ப்பு ஆரம்பிக்கும். வருமானத்துல தங்கத்தோட பங்கு கூடக் கூட பணவீக்கமும் ஏறும். 75 அட்மின் புள்ளி கொடுத்தா 2% இறங்கும்.

---

தூதன்

மூணாவதும் நாலாவதும் ஒரே முடிச்சு.

உறவு +120 இருந்தா கூட்டணி நிலைக்கும். நீங்க தொடுக்கிற போருக்கு வர்றது வேற கணக்கு. அந்தச் சிவப்பு எக்ஸ் மேல மவுஸை வைங்க, காரணம் ஒவ்வொண்ணும் எண்ணோட வரும். புதுசா ஆடறவங்களுக்குப் பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணுதான்: ஃபேவர் (கூட்டாளி உங்களுக்குப் பட்டிருக்கிற நன்றிக்கடன்) 10 சேரல, கூட்டாளி கடன்ல இருக்கு, இல்ல கூட்டாளி ஏற்கெனவே வேற போர்ல சிக்கியிருக்கு. கடனும் போரும் உங்க கையில இல்ல, காத்திருக்கணும். ஃபேவர் தானாவே மெல்லச் சேரும், ஒரு தூதரை ஃபேவர் சேர்க்க விட்டா இன்னும் சீக்கிரம் சேரும். ஒரு தாக்குதல் போருக்கு 10 ஃபேவர் செலவு. நிலம் தர்றேன்னு சொல்லியும் கூப்பிடலாம், ஆனா சமாதானத்துல ஒண்ணும் கொடுக்கலேன்னா நம்பிக்கை சரியும். அப்புறம் அராகன் உங்களைக் கைவிட்டாலும் ஆச்சரியம் இல்ல. உங்க மேல யாராவது போர் தொடுத்தா அழைப்புக்கு ஃபேவர் தேவையில்ல.

அராகனைப் பகைச்சுக்காதீங்க. நிஜ வரலாற்றுல 1469-ல இசபெல்லாவும் ஃபெர்டினாண்டும் வலாதோலித்ல மணந்ததை வச்சு 'ஐபீரியத் திருமணம்'னு ஒரு நிகழ்வு இருக்கு. ஒரு நாட்டுல அரசன், இன்னொண்ணுல அரசின்னு அமையும்போது அது வரலாம், வந்தா அராகன் பர்சனல் யூனியனா (ஒரே அரசர் ஆளற இணைப்பா) உங்க கீழ வந்துடும். உங்க ஆட்டத்துல இன்னும் வராததால வாசலைத் திறந்தே வைங்க.

கோயலிஷன். நீங்க துனிஸைத் தொடலைங்கிறது உண்மை, ஆனா ஏஇ (ஆக்கிரமிப்பால வர்ற வெறுப்பு) அடி வாங்கினவனோட நிக்கறதில்ல. நிலம் பிடுங்கினா அந்த நாட்டுக்குப் பக்கத்துல இருக்கிற, அதே மதமும் பண்பாட்டுக் குழுவும் உள்ள நாடெல்லாம் உங்களை ஆக்கிரமிப்பாளனாக் குறிச்சுக்கும். கிரானடாவும் மொராக்கோவும் அடுத்தடுத்துப் போச்சுன்னா துனிஸும் திலெம்செனும் அடுத்தது நாமதான்னு பார்க்கும். ஒரு நாடு கோயலிஷன்ல சேர ரெண்டு நிபந்தனை: உங்க மேல ஏஇ 50 தாண்டணும், மொத்த உறவு மைனஸ்ல இருக்கணும். ரெண்டுல ஒண்ணை உடைச்சா போதும்.

ஏஇ வருஷத்துக்கு 2 வீதம் தானா இறங்கும். துனிஸ்ல 62-ன்னு வச்சுக்குங்க, 50-க்கு வர ஆறு வருஷம். உறவை உயர்த்தறது அதைவிட வேகம். ஒரு தூதரை அனுப்பி உறவை மேம்படுத்தினா +100 வரைக்கும் சேரும். 62 ஏஇ, மத வேற்றுமைக் கழிவு எல்லாம் போனாலும் மேல வர வாய்ப்பு இருக்கு. உறுப்பினர்ல எது பூஜ்யத்துக்குக் கிட்ட இருக்கோ அதுல இருந்து ஆரம்பிங்க. உங்களைப் போட்டியாளராக் குறிச்ச நாட்டுகிட்ட தூதரை வீணாக்காதீங்க, அங்கே மைனஸ் ரொம்ப ஆழம்.

இனிமே சமாதானத் திரையில மாகாணத்தைத் தொட்டதும் 'ஒப்பந்தம் அனுப்பு'ங்கிறதை அழுத்தாதீங்க. யார் யாருக்கு எவ்வளவு ஏஇ ஏறும், யார் கோயலிஷனுக்கு வரலாம்னு அங்கேயே காட்டும். 48-ல நிக்கற நாடு தெரிஞ்சா ஒரு மாகாணத்தைக் கைவிட்டு அதுக்குப் பதிலா காசு கேளுங்க. காசுக்கும் போர் இழப்பீட்டுக்கும் ஏஇ கிடையாது. இழப்பீடுன்னா தோத்த நாட்டு வருமானத்துல 10% பத்து வருஷத்துக்கு உங்களுக்கு வரும். எதிரியோட கூட்டாளியைத் தனிச் சமாதானத்துல கழற்றும்போது நான் நிலம் கேட்கிறதே இல்ல. பணம், இழப்பீடு, அவங்க கூட்டணியை முறிக்கிறது, இந்த மூணுதான். அந்த நாட்டோட ட்ரூஸும் (போர் நிறுத்தக் காலம்) வந்துடும், ட்ரூஸ் இருக்கிற வரைக்கும் அது கோயலிஷன்ல சேர முடியாது.

கடைசியா, மேல தூதரக உறவு எண்ணிக்கை (எத்தனை நாட்டோட உறவு) எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க. வரம்பு 4-ஆ இருந்து நீங்க 5 வச்சிருந்தா மாசம் ஒரு டிப்ளோ புள்ளி கரையும்.

---

பீரங்கி

கணக்குப்பிள்ளை சொன்னதுல ஒரு திருத்தம். கடனே தப்புன்னு புதுசா வர்றவங்க எடுத்துக்கக் கூடாது. டெம்பிளுக்கு வாங்கின கடன் தப்பு. போருக்கு வாங்கற கடன் பல நேரம் சரி. பத்து காலாட்படை ரெஜிமென்ட்டுக்கு 100 டுகாட். அதால ஒரு போரை ஒரு வருஷம் முன்னாடி முடிச்சு, எதிரி கஜானாவைக் காலி பண்ணி இழப்பீடும் வாங்கினா வட்டி ஒரு பொருட்டே இல்ல.

பர்கர்கள் எஸ்டேட்ல (நகர வணிகர் பிரிவு) ஒரு சலுகை இருக்கு, கொடுத்தா அவங்ககிட்ட 1% வட்டியில அஞ்சு கடன் வாங்கலாம். அதை வாங்கி 4% கடன்களை அடைச்சுடுங்க. உங்க 1.8 வட்டி பெரும்பகுதி காணாமப் போகும். பர்கர் செல்வாக்கு ஏறும், அதைக் கண்ணுல வச்சுக்குங்க.

---

கணக்குப்பிள்ளை

ஒத்துக்கறேன், ஒரு நிபந்தனையோட: தவணை தேதி பாருங்க. ஒவ்வொரு கடனும் 5 வருஷம். அன்னைக்குக் கஜானாவுல முழுத்தொகை இல்லேன்னா அதுவே புதுக் கடனா மாறும், கடன் வாங்கறப்போ பணவீக்கமும் கொஞ்சம் ஏறும். இப்படியே உருட்டி உருட்டிக் கடன் வரம்பைத் தொட்டா திவால். அஞ்சு வருஷத்துக்குப் படை நொண்டும், சமீபத்துல கட்டின கட்டடமெல்லாம் இடியும். அந்த அஞ்சு டெம்பிளும் அதுல போயிடும்.

---

தொடக்கக்காரன்

ரொம்ப நன்றி. ரெண்டாம் நிலை ஆள் ஒருத்தரை மாத்தி, நடுக் கோட்டை ரெண்டை மாத்ப்பால் பண்ணதுலயே பற்றாக்குறை கிட்டத்தட்ட அடைபட்டுடுச்சு. கிரானடா டெரிட்டரியாத்தான் கிடந்தது! அராகன் கடன்ல இருக்கு, ஃபேவர் 4.

இன்னொரு கேள்வி. பக்கத்துச் சின்ன நாடான நவாரைப் போர் தொடுத்துச் சேர்க்கிறதா, இல்ல தூதர் வழியா வசாலாக்கறதா (எனக்குக் கீழ்ப்பட்ட நாடாக்கறதா)? பிரான்ஸ் பக்கத்துலயே நிக்குது.

---

தூதன்

வசால் வழி. மொத்த டெவ் 15-ன்னு வச்சுக் கணக்குப் பார்க்கலாம். போர்ல பிடிச்சா கோருக்கு டெவ் 1-க்கு 10 அட்மின் புள்ளி, ஆக 150. க்ளெய்ம் (உரிமைக் கோரிக்கை) இருந்தா 10% குறையும். அதோட ஏஇ, இந்தத் தடவை கத்தோலிக்கப் பக்கத்துல, பிரான்ஸ் உட்பட. வசாலாக்கி அப்புறம் இணைச்சா டெவ் 1-க்கு 8 டிப்ளோ புள்ளி, ஆக 120. ஏஇ கிடையாது, அட்மின் புள்ளி டெக்குக்கு (தொழில்நுட்பத்துக்கு) மிச்சம்.

முறை இது: முதல்ல கூட்டணி, கூடவே அரச திருமணம், ஒரு தூதரை உறவு மேம்படுத்த விட்டு 190 தாண்ட வைங்க. அப்புறம் வசாலாக்கும் பொத்தான் மேல மவுஸ் வச்சா எது குறையுதுன்னு தெரியும். ஒத்துக்கிட்டா பத்து வருஷம் கழிச்சுத்தான் இணைப்பைத் தொடங்க முடியும், அப்பவும் உறவு 190 வேணும். இணைப்பு முடியற வரைக்கும் ஒரு தூதர் அங்கேயே கட்டிப் போட்ட மாதிரி இருப்பார், அதனால துனிஸ் கோயலிஷனைக் கரைச்சுட்டு இதைத் தொடங்குங்க.

கூட்டணி வச்ச நிமிஷத்துல இருந்து பிரான்ஸ் நவார் மேல பாஞ்சா போர் உங்க தலையிலதான் விழும், அதையும் பார்த்துக்குங்க. அராகன் கடனை அடைச்சு ஃபேவர் 10 சேர்றதுக்கு முன்னாடி இந்த ஆட்டத்துல பிரான்ஸோட மோத உங்ககிட்ட படை இல்ல.

---

பீரங்கி

பிரான்ஸைப் போட்டியாளராப் போட்டிருக்கீங்களா? போடலேன்னா போடுங்க. மூணு போட்டியாளர் வச்சுக்கலாம், பவர் ப்ரொஜெக்‌ஷன் (நாட்டோட வலிமைக் காட்டி) 50 தாண்டினா மாசம் மூணு வகையிலும் ஒவ்வொரு ஆட்சிப் புள்ளி வரும். ஆலோசகர்களை இறக்கினதுல போன ரெண்டு புள்ளி இதுலயே திரும்பிடும். பிரான்ஸைப் போட்டியாளரா வச்சிருக்கிற மத்த நாடுகளும் உங்ககூடக் கூட்டணிக்கு ஒத்துக்கிற வாய்ப்பு கூடும். யாரெல்லாம்னு பிரான்ஸோட தூதரகத் திரையைத் திறந்தா தெரியும். இங்கிலாந்தோ பர்கண்டியோ அதுல இருந்தா நவாருக்கு முன்னாடி அங்கே தூதரை அனுப்புங்க.